மட்டம் பார்த்து வைக்கவும்

ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. செய்வதையும் செய்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனவனுக்கு என்ன குறை இருக்கும். போன் நம்பரையும் மாற்றிவிட்டாயாம். அண்ணியிடம் கேட்டேன். "நம்பர் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, அட்ரஸ் குடுக்கக் கூடாதுன்னு சொல்லலை" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். ஒரு விதத்தில் இதுவும் நல்லதுதான். போனாக இருந்தால் பாதியிலேயே வைத்துவிடுவாய்.

முதலில் காரியத்தைக் கேட்டுவிடுகிறேன். டோசரின் பின்னால் மண்ணைக் கீற மாட்டும் ரிப்பருக்கு ஒரு பூட்டுப் பின் உண்டே, அது எங்கே? ஸ்டோரில் இல்லை, டூல் பெட்டியில் இல்லை, சீட்டுக்கு அடியிலும் இல்லை. பின் இல்லாமல் ரிப்பர் நிற்காது. ரிப்பர் இல்லாமல் நீ இறுக்கி வைத்த மண்ணைக் கீற முடியாது. உன் இடத்துக்கு வந்திருக்கும் ஆபரேட்டர், பீப்பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிறார்கள், தினமும் வந்து டோசரைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.

நீ என்ன செய்துவிட்டுப் போனாய் என்பது உன் மண்டையில் இன்னும் ஏறியிருக்காது, அதனால் சொல்கிறேன். ஏழாம் திட்டு ஐந்து ஏக்கர். சுரங்கத்தை மூடி ஆறு வருஷம் கழித்து, அந்த இடத்தில் பழைய காட்டு மரத்தையே திரும்ப வைக்கலாம் என்று கம்பெனியை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு எவ்வளவு நாக்கு வறண்டது என்று உனக்கே தெரியும். டிப்பர் டிப்பராக மேல்மண் கொண்டுவந்து குவியல் குவியலாகக் கொட்டினோம். கொட்டியதைக் கொட்டியபடியே விடு, மேடும் பள்ளமுமாகக் கிடக்கட்டும், மண் பொலபொலவென்று இருந்தால்தான் வேர் இறங்கும், தண்ணீர் இறங்கும் என்று மூன்று மாதமாகத் தொண்டை கிழியச் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். அப்புறம் யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, இருபது டன் மெஷினை ஏற்றி, முன்னும் பின்னுமாக அத்தனையையும் அழுத்தித் தேய்த்து வைத்தாய்.

நேற்று ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றினேன். காலை பத்து மணிக்கு ஊற்றியது சாயங்காலம் வரை அப்படியே நின்றது. கடப்பாரை ஒரு சாண் இறங்குவதற்குள் மேஸ்திரி அக்காவுக்குக் கை கொப்பளித்துவிட்டது.

நாற்றங்காலில் நாலாயிரத்து இருநூறு கருந்தோலிக் கன்று நிற்கிறது. சுரங்கம் தின்னாமல் விட்ட துண்டுக் காட்டில் மிச்சம் இருப்பது முப்பத்தொரு மரம். அது ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கிறது. விதையை எடுத்து வைக்கவும் முடியாது, பத்து நாள் காய்ந்தால் செத்துவிடும். ஜூன் மழைக்கு முன்னால் மண் தயாராகாவிட்டால் வேர் பைக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். அடுத்த காய்ப்பு வரும்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. அப்போது என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

என் ஒன்பது வருஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டாய். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவதாக இல்லை. பின் எங்கே என்று மட்டும் எழுது.

தங்கை


ஏப்ரல் 13

கட்டெறும்புக்கு,

மட்டமான ஆள் எழுதிக்கொள்வது.

கடிதம் வந்தது. மூன்று பக்கம். அதில் பின்னைப் பற்றி நாலு வரி, மரத்தைப் பற்றி ஒரு பக்கம், என்னைப் பற்றி மிச்சம் எல்லாம் வசவு. சாப்பிட்டாயா என்று ஒரு வரி இல்லை. சரி, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தாறு வருஷமாக மண்ணை மட்டம் தட்டித்தான் பிழைத்தேன். என் பிளேடு போன இடத்தில் தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்தால் ஒரு சொட்டுச் சிந்தாது. இதைச் சொன்னது நான் இல்லை, சுரங்கம் ஓடிய காலத்தில் இருந்த மூன்று மேனேஜர்கள். அந்த என்னை, பதினாலு பேர் பார்க்க, நீ ஒரே நிமிஷத்தில் மட்டம் தட்டினாய், மெஷின்கூட இல்லாமல். "மட்டமா? நீதான் மட்டம். உன்ன மாதிரி மட்டமான ஆள நான் பாத்ததே இல்ல." வார்த்தை பிசகாமல் எழுதியிருக்கிறேனா, சரிபார்த்துக்கொள். பதினாலு பேரில் நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் என்றும் தெரியும்.

இங்கே ஒரு கல் குவாரியில் இருக்கிறேன். அண்ணியின் தம்பி சேர்த்துவிட்டான். வந்த மூன்றாம் நாளே அங்கே நடந்தது இங்கே தெரிந்துவிட்டது. லாரி டிரைவர்களுக்கு வேறு வேலை என்ன. இப்போது இங்கே என் பெயரே மட்டம். "மட்டம், அந்த லோடரைக் கொஞ்சம் நகர்த்து." "மட்டம் இன்னிக்கு மட்டம் போட்டுட்டாரா?" இப்படித்தான் போகிறது என் பிழைப்பு.

இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் சொல். டோசர் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டை எழுதியது யார்? அந்த வாரம் செய்ய வேண்டியதை எல்லாம் சீட்டில் எழுதி டோசர் கண்ணாடியில் ஒட்டுகிற பழக்கத்தைக் கொண்டுவந்ததே நீதான். "எல்லார் கண்ணும் போற இடம் அதுதான்" என்று பெருமையாகச் சொல்வாய். அந்தச் சனிக்கிழமை ஒட்டியிருந்ததும் உன் கையெழுத்து. "ஏழாம் திட்டு. திங்கட்கிழமைக்குள் மட்டம் பார்த்து வைக்கவும்." நான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, கூலி இல்லாத நாளில், சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் வைத்தேன். அதற்குத்தான் அந்தப் பாராட்டு விழா.

பின் எங்கே என்று சொல்வதாக இல்லை. தேடு.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், உனக்காக இல்லை, மெஷினுக்காக. பீப்பாயை எனக்குத் தெரியும். ரிப்பர் மண்ணுக்குள் இருக்கும்போதே வண்டியைத் திருப்புவான். திருப்புவதற்கு முன்னால் தூக்கச் சொல். இல்லாவிட்டால் ரிப்பரின் பல் முறியும்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

நல்ல கதை. இந்தக் கதையை யோசிக்கத்தான் மூன்று வாரம் ஆனதா? நான் அப்படி எந்தச் சீட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எங்கே அந்தச் சீட்டு? கண்ணாடியில் இல்லை. மேனேஜர் விசாரணை என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். நான் அப்படி எதுவும் எழுதித் தரவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, எழுதியதாகவே வைத்துக்கொள்வோம். மட்டம் பார்ப்பது என்றால் என்ன? இரண்டு பேர் தண்ணீர்க் குழாயின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் இடங்களைப் பார்த்துக் கோடு போடுவது. சரிவில் அந்தக் கோட்டின்மேல் நட்டால்தான் மழைத் தண்ணீர் ஓடாமல் நிற்கும். அது மேஸ்திரி அக்காவின் வேலை. 'பார்த்து' என்றால் பார்ப்பது. தட்டுவது இல்லை. கண்ணால் செய்கிற வேலைக்கும் பிளேடால் செய்கிற வேலைக்கும் வித்தியாசம் தெரியாமலா இருபத்தாறு வருஷம் ஓட்டினாய்?

பின் கிடைக்கவில்லை. ஒரு பழைய போல்ட்டைச் சீவி மாட்டியிருக்கிறோம். நாளை கீற ஆரம்பிக்கிறோம். உன் தயவு தேவையில்லை.

தங்கை


ஏப்ரல் 27

கட்டெறும்பே,

டோசரின் லாக் புத்தகம். அதன் பிளாஸ்டிக் உறை. பின்பக்கம், உள்ளே. நாலாக மடித்து நானே வைத்தேன். முடித்த வேலையின் சீட்டை அங்கே வைப்பது என் வழக்கம். போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் நெஞ்சை நிமிர்த்து.

அதில் யார் பெயரும் இல்லை. அதையும் பார். மேஸ்திரி அக்காவுக்கு என்றால் மேஸ்திரி அக்காவுக்கு என்று எழுத வேண்டும். மட்டம் என்ற வார்த்தை அவருக்குக் குழாய், எனக்கு பிளேடு. டோசரில் ஒட்டிய சீட்டை டோசர்க்காரன் தனக்கு என்று எடுத்துக்கொண்டால் அது அவன் குற்றமா, எழுதியவள் குற்றமா? உனக்கு என்ன தோன்றுகிறது?

'அனுமதியின்றி இயந்திரத்தை இயக்கிச் சேதம் விளைவித்த காரணத்தால்' என்று என் பெயரைப் போட்டு ஆபீஸ் பலகையில் மெமோ ஒட்டப் போகிறார்களாம். அண்ணி சொன்னாள். அந்தப் பலகையில் இருபத்தாறு வருஷத்தில் என் பெயர் ஒரு தடவைதான் வந்தது, விபத்தில்லாமல் பத்து வருஷம் ஓட்டியதற்காக. இனிமேல் அண்ணி அந்த ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்.

சீட்டை எடுத்து மேனேஜரிடம் காட்டு. அவ்வளவுதான் நான் கேட்பது.

அண்ணன்


மே 14

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைக் கிழிக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

சீட்டு இருந்தது. நீ சொன்ன இடத்தில், நாலாக மடித்து. என் கையெழுத்துதான். மூலையில் தேதிகூடப் போட்டிருக்கிறேன். நாற்றங்காலில் பூச்சி விழுந்த வாரம் அது. பத்துச் சீட்டு ஒரே மூச்சில் எழுதினேன், எதை எழுதினேன், எதை ஒட்டினேன் என்று நினைவே இல்லை. பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு மறதி என்று பெயர் வைக்க முடியாது.

உன் கடிதம் மே இரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கே போய் எடுத்துவிட்டேன். இன்றுவரை அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. நடுவில் ஆறாம் தேதி மேனேஜர் விசாரணையை முடிப்பதற்காக மறுபடி கூப்பிட்டார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். மறுநாள் காலையில் மெமோ ஒட்டினார்கள். நான் அந்த வழியாகப் போகவில்லை, பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

ஏன் என்று கேட்பாய். பூசி மெழுகாமல் சொல்கிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் அந்த ஆள் ஏழாம் திட்டை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார். காண்ட்ராக்டர் ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாலே வருஷத்தில் மளமளவென்று வளரும் ஏதோ வெளியூர் மரம் வைப்பாராம். அதற்குக் குழி மட்டும் போதுமாம். மேனேஜருக்கு உன் மட்டத் தரை மேல் ஏகப்பட்ட பாசம் வேறு. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அதில் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிறார். நான் போனால் நாலாயிரத்து இருநூறு கன்றையும் யார் பார்ப்பார்கள்? அந்தப் பயத்தில் உன்னைக் கொடுத்து என் கன்றைக் காப்பாற்றிக்கொண்டேன். எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் கோபம் எனக்கும் இருக்கிறது. அன்றைக்கு நான் அத்தனை கத்து கத்தினேனே, "நீதானே சீட்டு எழுதினே" என்று ஒரே ஒரு வார்த்தை நீ திருப்பிச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கல்லுளிமங்கன் மாதிரி நின்றாய். சாவியை என் கையில் திணித்தாய். போய்விட்டாய். வாய் இல்லையா உனக்கு? சின்ன வயதிலிருந்து என் பேச்சுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன், அன்றைக்கு மட்டும் ஏன் ஊமையானாய்? யோசிக்க யோசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பீப்பாய் பல்லை முறித்துவிட்டார். நீ சொன்ன மாதிரியேதான், தூக்காமல் திருப்பி. நான் அவரிடம் சொல்லவில்லை. நீ சொன்னது என்பதாலேயே சொல்லவில்லை. வெல்டிங் வைத்து வந்திருக்கிறது, ஆனால் போல்ட் நிற்க மாட்டேன் என்கிறது. இதுவரை கீறியது ஒரே ஏக்கர். நாலு ஏக்கர் அப்படியே கிடக்கிறது. மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

வா. கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

தங்கை


மே 20

ஒன்பது நாள் என்று நான் கணக்குப் போட்டேன். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் என் மானத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறாய். தூக்கம் வந்ததா?

வர மாட்டேன். மேனேஜரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதெல்லாம் செல்லாது. என்னை எந்த இடத்தில், எந்தப் பதினாலு பேர் முன்னால் மட்டமான ஆள் என்றாயோ, அதே இடத்தில் அதே பதினாலு பேரை நிற்க வைத்துச் சீட்டை வாய்விட்டுப் படி. மெமோ இறங்க வேண்டும். அது நடந்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நாலு ஏக்கர் எனக்கு ஐந்து நாள் வேலை. நடக்காவிட்டால் உன் கன்றை நீயே பார்த்துக்கொள்.

பின் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், சட்டைப் பையோடு வந்துவிட்டது. அண்ணியின் தம்பி நாளை அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். ரிப்பருக்காக. உனக்காக இல்லை.


ஜூன் 4

அண்ணாவுக்கு,

படித்துவிட்டேன்.

மே இருபத்து மூன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. எல்லோர் முன்னாலும் சீட்டைப் படித்தது இருபத்தொன்பதாம் தேதிதான். அந்த ஆறு நாளுக்கும் வேறு காரணம் கிடையாது, வீம்பு. பின் கைக்கு வந்துவிட்டதே, பீப்பாயை வைத்தே முடித்துவிடலாம், உன்னிடம் ஏன் தோற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் அரை ஏக்கர் கீறுவதற்குள் டீசல் குழாய் போய் இரண்டு நாள் வண்டி படுத்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது.

பதினாலு பேரையும் காலையிலேயே ஏழாம் திட்டில் வரச் சொன்னேன். மேனேஜரையும். என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்கள். சீட்டை விரித்துப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்று யாரோ சொல்ல, மறுபடி படித்தேன். இதை எழுதியது நான், யாருக்கு என்று எழுதாதது நான், கையில் கிடைத்த பிறகும் மறைத்தது நான், என் அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை, சீட்டில் இருந்ததைத்தான் செய்தார் என்றேன். மட்டமான ஆள் யார் என்றால் நான்தான் என்றும் சொன்னேன். நீ அதைக் கேட்கவில்லை, ஆனால் சொன்னேன்.

பீப்பாய் சிரித்தார். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேஸ்திரி அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் மென்று முழுங்கிவிட்டு, கை கழுவுகிறேன் என்று குழாயடிக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அவருக்கும் என் மேல் கோபம்தான் போலிருக்கிறது, இருக்கட்டும்.

மேனேஜர் அங்கேயே என்னை நாற்றங்கால் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். மெமோவை இறக்கியாகிவிட்டது. அண்ணியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் இப்போது மற்றவர்களோடு சேர்ந்து தண்ணீர் ஊற்றுகிறேன், பை தூக்குகிறேன். ஏழாம் திட்டைக் காண்ட்ராக்டருக்குக் கொடுப்பதாக அன்று மத்தியானமே பேச்சு.

உனக்குத் தந்தி அடிக்கிற மாதிரி மறுநாள் ராத்திரி ஒரு அட்டை எழுதினேன். தபாலில் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி. நாலு நாள் முன்கூட்டியே. மூன்று நாள் விடாமல் கொட்டியது.

கீறி வைத்திருந்த ஒன்றரை ஏக்கரில் நனைந்துகொண்டே ஆயிரத்து நூறு கன்று நட்டோம். அங்கே தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிப் போகிறது. மிச்சம் மூன்றரை ஏக்கர் முழுக்கக் குளம். காண்ட்ராக்டர் குடையோடு வந்தார், கணுக்கால் வரை இறங்கிப் பார்த்தார், இதில் ஒன்றும் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். இனி ஈரத்தில் ரிப்பரும் ஓட்ட முடியாது, மண் கூழாகிவிடும். அடுத்த கோடைவரை அது அப்படியேதான் கிடக்கும்.

மூவாயிரத்து நூறு கன்று பையில் நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பையைக் கிழித்து, சுருண்ட வேரை வெட்டி, பெரிய பைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எத்தனை தாங்கும் என்று தெரியாது. நேற்று மாற்றிய இருநூறில் முப்பது இன்று தலை தொங்கிவிட்டது. ஆறு நாள் முன்னால் படித்திருந்தால் நீ வந்திருப்பாய், இந்த முப்பதும் மண்ணில் நின்றிருக்கும். இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. உன் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஏன் என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தங்கை


ஜூன் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் குவாரியில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். நான் ஜெயித்துவிட்டேன், பாருங்கள் என்று காட்டலாம் என்று பிரித்தேன். மேஸ்திரி அக்கா பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, லோடருக்குப் பின்னால் போய் மிச்சத்தைப் படித்தேன்.

அவருக்கு உன் மேல் கோபம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தியபோது அவர் பக்கத்தில்தான் நின்றார். கண்ணாடியில் இருந்த சீட்டை வாய்விட்டுப் படித்தார். "இது எனக்கு. திங்கக்கிழமை குழாயோட வந்து கோடு போடறேன், வண்டியக் கொஞ்சம் ஓரமா விடுங்க" என்றார். சரி என்றேன். ஓரமாகத்தான் விட்டேன்.

எனக்குத் தெரியும். சீட்டு யாருக்கு என்று தெரியும். மட்டம் பார்ப்பது எது, தட்டுவது எது என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று மாதம் நீ என்னை வேலையே செய்ய விடவில்லை. "விடு, தொடாதே, போதும், அப்படியே இருக்கட்டும்." மண்ணைக் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஆபரேட்டர் எதற்கு? பஸ் போகிற ரோட்டிலிருந்து பார்த்தால் ஏழாம் திட்டு பன்றி கிளறிய மாதிரி தெரிந்தது. டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், அந்த வேலை யார் பார்த்தது, குடித்துவிட்டு ஓட்டினானா என்று. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த எரிச்சலில் ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்தேன். ஒரே ஒரு ஓட்டம், மேட்டை மட்டும் தட்டலாம் என்றுதான் ஏறினேன். ஏறிய பிறகு கை நிற்கவில்லை. எத்தனை மாதம் கழித்து பிளேடு முழுசாக மண்ணில் இறங்கியது தெரியுமா. முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. நீயும் பார்த்தால் மனசு மாறிவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ கத்தினாயே, அப்போது ஏன் திருப்பிப் பேசவில்லை என்று கேட்டாய். பேச எனக்கு என்ன இருந்தது? எதிரே மேஸ்திரி அக்கா நிற்கிறார். நான் சீட்டு என்று வாயைத் திறந்திருந்தால் அவர் அங்கேயே உடைத்திருப்பார். அதனால் போய்விட்டேன். ஊரைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சீட்டையே சாக்காக்கலாம் என்று தோன்றியது. முடித்த வேலையின் சீட்டு என்று உறையில் வைக்கவில்லை, யார் கண்ணிலும் படக் கூடாது என்று அன்றைக்குத் திணித்தது அது. அதையே எடுத்து உன் தலையில் போட்டேன். நீ பன்னிரண்டு நாள் மறைத்ததற்கு உன்னைத் தூக்கம் வந்ததா என்று கேட்டேன். எனக்கு எண்பத்திரண்டு நாளாகிறது.

நீ எனக்காகப் பதினாலு பேர் முன்னால் நின்று, என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டாய். அந்த வரியை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

சுருண்ட வேரை வெட்டும்போது பையின் அடியில் ஒரு விரல் கனம் மட்டும் வெட்டு, அதற்கு மேல் போனால் தாங்காது என்று நீதான் ஒரு தடவை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவசரத்தில் ஆழமாக வெட்டுகிறாயோ என்று தோன்றியது. பார்த்துக்கொள்.

குவாரியில் கணக்கை முடித்துவிட்டேன். கோடைவரைக்கும் ரிப்பருக்கு வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். பை தூக்க ஆள் வேண்டுமே. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பதினாலு பேரையும் ஏழாம் திட்டில் நிற்கச் சொல். மேனேஜரையும் கூப்பிடு. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நீ மட்டும் குறுக்கே வாயைத் திறக்காதே.

அண்ணன்